வாடகையே லோனைக் கட்டிவிடுமா? முதலில் சன்ஷேடைத் தட்டிப் பாருங்கள்

வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வந்த பத்தே நாளில் வாடகைக்கு விட ஒரு வீடு பார்த்து, டோக்கன் கொடுத்து, கிரயத்துக்கு நாளும் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு "சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்று பொறியாளரைக் கூப்பிடுகிறார்கள். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் என்று எங்கே போனாலும் இதே வரிசைதான். பணம் கொடுத்த வீட்டில் குறை சொன்னால் வாங்குபவருக்கே கோபம் வருகிறது. இனியாவது டோக்கனுக்கு முன்னால் கூப்பிடுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுவது.

எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "வாடகை வந்துரும், அதுவே லோனைக் கட்டிரும்." கட்டாது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வீடு 30 லட்சம், வாடகை மாதம் 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 2,70,000 ரூபாய் பத்திரத்துக்கே போய்விடுகிறது. போட்ட முதல் 32,70,000. இந்த இரண்டு லட்சத்து எழுபதாயிரத்தை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை, ஏதோ மொய் எழுதிய பணம் மாதிரி.

வருட வாடகை 1,08,000. இடையில் ஒரு மாதம் காலி விழும், மீதி 99,000. பராமரிப்புக்கு இரண்டு மாத வாடகையை ஒதுக்கினால் 81,000. வீட்டு வரி, தண்ணீர் வரி, மோட்டார் ரிப்பேர் என்று ஒரு 6,000 போனால் கையில் நிற்பது 75,000. போட்ட முதலுக்குக் கிட்டத்தட்ட இரண்டேகால் சதவீதம்! இதில் 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடத் தவணை என்றால் மாதம் கிட்டத்தட்ட 18,000, வருடத்துக்கு 2,16,000. துண்டு விழும் 1,41,000 ரூபாய், அதாவது மாதம் 11,750, உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். இதே வீட்டுக் கணக்கில், கடன் ஏழு லட்சத்துக்குக் கீழே இருந்தால்தான் வாடகை தவணையைத் தாங்கும். "நாளைக்கு விலை ஏறும்ல" என்பீர்கள். ஏறலாம். அது வேறு பேச்சு. மாதா மாதம் காசு வர வேண்டும் என்றுதானே வாங்குகிறீர்கள்?

பராமரிப்புக்கு ஏன் இரண்டு மாதம் என்று சண்டைக்கு வருபவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து சன்ஷேடைப் பார்க்கட்டும். கடல் கண்ணுக்குத் தெரியாத தெருவிலும் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே ஊற்றி நனைத்திருந்தால், கட்டிய நாளிலேயே கம்பிக்குப் பக்கத்தில் உப்பு உட்கார்ந்துவிடுகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456, அதாவது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி. கடலோரக் காற்று படும் கட்டடத்துக்கு எம்30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. இங்கே பல வீடுகளில் சன்ஷேடைத் தட்டினால் 15 மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை.

பார்க்க வேண்டிய இடங்கள்: மேல்நிலைத் தொட்டிக்கு அடியில், குளியலறைக் கூரை, மாடிப்படியின் அடிப்பக்கம், சன்ஷேடின் கீழ்முகம். வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் அங்கேயே நில்லுங்கள். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கல் மாதிரி கணீரென்று கேட்டால் நல்லது. பானை மாதிரி பொத்தென்று கேட்டால் உள்ளே துரு கம்பியைப் பருக்கவைத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கம்பி போகும் வாக்கிலேயே நேர்கோடாக விரிசல் ஓடினாலும் அதே வியாதிதான். உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசிவிட்டால் போதும் என்று மேஸ்திரி சொல்வார். உப்பு சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் அப்படியே இருப்பதால், பூசிய இடத்தின் ஓரத்தை ஒட்டியே அடுத்த வெடிப்பு வரும். கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, இளைத்த கம்பிக்கு மாற்றுக் கம்பி கட்டித்தான் பூச வேண்டும். அந்தச் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.

மோட்டாரைப் போடச் சொல்லி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) அந்தத் தண்ணீரில் வையுங்கள். 2,000-ஐத் தாண்டினால் குடித்தனக்காரர் குடிக்க, சமைக்கக் காவிரிக் குழாயையோ லாரியையோதான் நம்ப வேண்டும். அது வாடகையில் குறையும். வரியிலும் ஒரு டி.டி.எஸ். உண்டு: விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலேயே வாங்குபவர் வரியைப் பிடித்துக் கட்டுவது. விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவர் என்றால், 50 லட்சத்துக்குள் பிடித்தம் இல்லை என்ற சலுகை செல்லாது. பிடிக்காவிட்டால் வாங்கியவர் தலையில் விழும். இரண்டு டி.டி.எஸ்.ஸையும் நம் ஆட்கள் பார்ப்பதே இல்லை.

அடுத்து ஒத்தி, அதாவது ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, அது திரும்ப வரும்வரை வாடகை இல்லாமல் குடியிருப்பது. "வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு, கிளீனா இருக்கு." வில்லங்கச் சான்றில் வருவது பதிவான ஆவணம் மட்டும். ஐந்து லட்சத்தை வாங்கிக்கொண்டு வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒத்தி அதில் வராது. குடியிருப்பவருக்கு என்ன உரிமை உண்டோ அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே தரகர் இல்லாத நேரத்தில் போய்க் கதவைத் தட்டி, "அக்கா, வாடகையா ஒத்தியா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

யாருக்கு விடப்போகிறீர்கள் என்பதும் கணக்குதான். ராமநாதபுரம் என்றால் பட்டினம்காத்தான் பக்கம் ஆட்சியர் அலுவலகம், 2022-இல் வந்த மருத்துவக் கல்லூரி. சம்பளக்காரர் கிடைப்பார், மாற்றல் வந்தால் கிளம்பிவிடுவார். மண்டபம், ராமேஸ்வரத்தில் விசைப்படகை நம்பிய குடும்பம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் வாடகைக்கு நெருக்காதீர்கள். தள்ளிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும், குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இரண்டு போர்ஷன் இருந்தால் மின் இணைப்பும் இரண்டு இருக்கிறதா பாருங்கள். ஒரே மீட்டர் என்றால் இலவச 100 யூனிட்டும் ஒன்றுதான், மின் கட்டண ஸ்லாபும் ஏறும், சண்டையும் வரும்.

கடல் பார்த்த மனை என்று ஆசை காட்டினால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், அதாவது கடலோரக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள், வருகிறதா என்று கேளுங்கள். பத்திரம் பதிவாவது வேறு, கட்ட அனுமதி கிடைப்பது வேறு.

இவ்வளவும் படித்த பிறகும் டோக்கன் கொடுத்தே தீருவேன் என்றால், ரசீதில் இதையாவது எழுதி வாங்குங்கள்: பொறியாளர் பார்வையிலோ ஆவணத்திலோ குறை தெரிந்தால் 15 நாளுக்குள் முழுப் பணமும் திரும்ப வேண்டும்.