ஓரத்தில் இருக்கும் ஒரு போன், திணறும் மொத்த வைஃபை

"சிக்னல் ஃபுல்லா இருக்கு சார், ஆனா எதுவும் ஓப்பன் ஆகல." கல்லூரி விடுதிகளுக்கு வைஃபை பார்க்கப் போனால் பெரும்பாலும் இந்தப் புகார்தான். நிர்வாகம் உடனே இணைய பிளானை உயர்த்தும். பில் ஏறும், புகார் குறையாது. மாணவர்களின் கட்டணப் பணம் இப்படி வீணாவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

தட்டுப்பாடு பெரும்பாலும் காற்றில்தான். வைஃபை 5 வரையான பழைய தலைமுறைகளில், ஒரு சேனலில் (வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைத் துண்டு) ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். அவற்றில் யார் எப்போது அனுப்பலாம் என்று முறை வைக்க ஆளே கிடையாது. ஒவ்வொரு கருவியும் சேனல் காலியா என்று கவனித்து, சற்றுப் பொறுத்து, தானே அனுப்பும். எல்லோருக்கும் வாய்ப்பு சமம். ஆனால் எடுத்துக்கொள்ளும் நேரம் சமமில்லை.

1500 பைட் பாக்கெட் (தரவுப் பொட்டலம்) ஒன்று 54 எம்பிபிஎஸ்ஸில் கால் மில்லி செகண்டுக்குள் போய்விடும். இரண்டு சுவர் தாண்டி, வராந்தாக் கோடியில் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்ட போனுக்கு அதே பாக்கெட்டை அனுப்ப 12 மில்லி செகண்ட் ஆகும். இருவரும் மாறி மாறி ஒவ்வொரு பாக்கெட் அனுப்பினால், ஏபி-க்கு (ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை சிக்னல் தரும் பெட்டி) நேர் கீழே இருக்கும் லேப்டாப்புக்கும் 1 எம்பிபிஎஸ்கூடத் தேறாது.

4ஜி-யில் முறை வைப்பது டவர். மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, 180 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக அலைவரிசையைப் பங்கு பிரிக்கிறது. நல்ல சிக்னல் உள்ளவருக்கே கொடுத்தால் மொத்த வேகம் கூடும், ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் பரவலாகப் பின்பற்றப்படும் முறை இது: ஒருவருக்கு இப்போது கிடைக்கக்கூடிய வேகத்தை, இதுவரை கிடைத்த சராசரியால் வகுப்பது, விடை யாருக்குப் பெரிதோ அவருக்கு முதலில். எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான எளிய விதி இல்லை.

வைஃபை 6-இல் ஏபி-யும் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலை 9 பேர் வரை பிரித்துத் தரும். ஆனால் எதிரே உள்ள போனும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும்.

சரி, பழைய ஏபி-களை வைத்து என்ன செய்யலாம்? எல்லாக் கருவிகளுக்கும் சமமான நேரம் தரும் ஏர்டைம் ஃபேர்னஸ் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் வேகங்களை அணைத்துவிடுங்கள். அதற்கு முன், வராந்தாக் கோடிக்கு இன்னொரு ஏபி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே இருக்கும் மாணவருக்கு இணைப்பே போய்விடும். அப்புறம், பழைய பிரிண்டரோ வருகைப்பதிவு மெஷினோ அந்த வேகங்களை நம்பி இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.