எக்ஸ்போர்ட் அழுத்தும் முன்: படத்தோடு சேர்ந்து போகும் விவரங்கள்

குழந்தையின் முதல் பிறந்தநாளை வீட்டிலேயே படமெடுத்து, லைட்ரூம் மென்பொருளில் திருத்தி, டிரைவ் லிங்க்காக அனுப்புகிறோம். அந்த ஜேபிஜி ஒவ்வொன்றிலும் அந்த வீட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கக்கூடும். "என் கேமராவில் ஜிபிஎஸ்ஸே கிடையாதே" என்று சொல்பவர்கள் உண்டு. கேமராவை ப்ளூடூத் வழியாக ஃபோனோடு இணைத்திருந்தால் போதும். நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் போன்ற செயலிகள் ஃபோனின் இருப்பிடத்தை எடுத்துக் கேமராவுக்குக் கொடுத்துவிடும். என்றோ ஒருநாள் அனுமதி கொடுத்திருப்போம், பிறகு மறந்திருப்போம்.

2012 டிசம்பரில், மெக்கஃபி ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்கஃபியைப் பெலீஸ் காவல்துறை விசாரணைக்காகத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது அவர் படத்தை வைஸ் இதழ் தன் தளத்தில் வெளியிட்டது. ஐபோனில் எடுத்த அந்தப் படத்திலிருந்த ஜிபிஎஸ் எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. ஊடகத்தில் வேலை செய்பவர்களுக்கே இந்தக் கதி.

படத்தோடு சேர்ந்து போகும் இந்த விவரங்கள்தான் மெட்டாடேட்டா. அதற்காக "எல்லா மெட்டாடேட்டாவையும் அழித்துவிடுங்கள்" என்று பரவலாகச் சொல்லப்படும் யோசனையும் சரியில்லை. மூல ஃபைலில் எதையும் தொடாதீர்கள். வெளியே போகும் பிரதியில் எது இருக்கலாம் என்பதை, அது போகும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒட்டுமொத்தமாக அழித்தால் என்ன கெடும்? முதலில், படத்தின் நிமிர்வு. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பிக்சல்கள் பெரும்பாலும் படுக்கைவாட்டில்தான் பதிவாகும். "காட்டும்போது 90 பாகை திருப்பு" என்ற குறிப்பு, கேமரா ஃபைலுக்குள் எழுதும் எக்ஸிஃப் என்ற மெட்டாடேட்டாவில் 6 என்ற எண்ணாக இருக்கும். அதை அழித்தால் ஆள் படுத்துக்கொள்வார். லைட்ரூம் எக்ஸ்போர்ட் செய்யும்போது பிக்சல்களையே திருப்பிவிடும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. 'எக்ஸிஃப் ரிமூவர்' வகை இணையக் கருவிகளில்தான் வரும். இரண்டாவது, வண்ணங்களை எப்படிப் படிப்பது என்று மென்பொருளுக்குச் சொல்லும் வண்ண ப்ரொஃபைல். அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற வண்ண வரம்பில் இருக்கும் படத்தின் ப்ரொஃபைல் போய்விட்டால், பார்க்கும் மென்பொருள் அதைக் குறுகிய எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளிறிவிடும். அச்சிட்ட லேபைத் திட்டிப் பயனில்லை. எக்ஸிஃப்டூல் கருவியில் எல்லாவற்றையும் நீக்கும் கட்டளை ஜேபிஜியின் ப்ரொஃபைலையும் சேர்த்தே நீக்கும். ப்ரொஃபைலுக்கு விலக்குக் கொடுத்து ஓட்டுங்கள்.

லைட்ரூம் கிளாசிக்கின் எக்ஸ்போர்ட் சாளரத்தில் 'மெட்டாடேட்டா' என்ற பகுதி வெகு கீழே இருப்பதால் பலரும் அங்கே போவதேயில்லை. கடைசியாக வைத்த அமைப்பு அப்படியே அடுத்த வேலைக்கும் போகும். பெரும்பாலான கசிவுகளின் காரணம் இவ்வளவுதான். 'ரிமூவ் லொகேஷன் இன்ஃபோ', 'ரிமூவ் பெர்சன் இன்ஃபோ' என்று இரண்டு டிக்குகள் உண்டு. இரண்டாவது முக்கியம், ஏனென்றால் 'பீப்பிள்' பகுதியில் முகங்களுக்குப் பெயர் கொடுத்திருந்தால் அந்தப் பெயர்கள் கீவேர்டுகளாகப் படத்தோடு போகும். ஆனால் இந்த டிக்குகள் தலைப்பிலும் கேப்ஷனிலும் நீங்களே தட்டச்சு செய்த தெருப் பெயரைத் தொடாது. அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று மூன்று எக்ஸ்போர்ட் ப்ரீசெட்டுகளை (சேமித்து வைக்கும் அமைப்புகளை) செய்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை. போட்டிக்கான ப்ரீசெட்டில் கேமரா விவரங்களை விட்டுவையுங்கள், கேட்பார்கள்.

ஃபோட்டோஷாப்பில் சிக்கல் வேறு வகை. 'சேவ் எ காப்பி' (பழைய பதிப்புகளில் 'சேவ் அஸ்') கொடுத்து ஜேபிஜி ஆக்கினால் கேமரா விவரங்களோடு எடிட் வரலாறும் சேர்ந்து போகும். டெக்ஸ்ட் லேயர்களில் உள்ள சொற்களும் எக்ஸ்எம்பி என்ற மெட்டாடேட்டா பகுதியில் பதிவாகியிருக்கும். அழைப்பிதழ் டிசைனில் பழைய ஃபோன் எண்ணை அழிக்காமல், மேலே ஒரு கட்டத்தைப் போட்டு மறைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த எண் ஜேபிஜிக்குள் எழுத்தாகவே கிடைக்கும். லேயரையே நீக்கிவிட்டு சேவ் செய்யுங்கள். அல்லது 'எக்ஸ்போர்ட் அஸ்' வழியாகப் போய், மெட்டாடேட்டாவுக்கு 'நன்' அல்லது 'காப்பிரைட் அண்ட் கான்டாக்ட் இன்ஃபோ' தேர்ந்தெடுங்கள். வண்ண ப்ரொஃபைலைப் பதிக்கும் டிக் அதே சாளரத்தில் தனியாக இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஆல்பம் டிசைனர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. ஐந்தாறு வருடமாகக் கைமாறிவரும் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் ஃபைல்) டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு பூ பார்டரை இழுத்துப் போடுகிறோம். வெறும் 300 பிக்சல் லோகோவை ஜேபிஜி ஆக்கினாலும் சில எம்பி வருகிறது. குவாலிட்டியை எவ்வளவு குறைத்தாலும் சைஸ் இறங்குவதில்லை. காரணம் 'டாக்குமென்ட் ஆன்செஸ்டர்ஸ்' என்ற பட்டியல். வேறு ஃபைலிலிருந்து எதையாவது ஒட்டும்போது அந்த ஃபைலின் அடையாள எண் இதில் சேரும். அடுத்தடுத்த டெம்ப்ளேட்டுகளுக்கு மாறும்போது இந்த எண்களும் வரிவரியாகக் கூடிக்கொண்டே போகும். சோதிக்க, கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஐ நான்கையும் சேர்த்து அழுத்தி 'ஃபைல் இன்ஃபோ' திறந்து, 'ரா டேட்டா' பகுதியைப் பாருங்கள். முடிவே இல்லாமல் எண்கள் ஓடினால் அதுதான். ஃபிளாட்டன் செய்தால் போகாது. 'ஃபைல்' மெனுவின் 'ஸ்கிரிப்ட்ஸ்' வழியாக அந்த ஒரு பண்பை மட்டும் நீக்கும் சின்ன ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுகள் உள்ளே தனி ஃபைல்கள் என்பதால் ஒவ்வொன்றையும் திறந்து அங்கேயும் ஓட்ட வேண்டும். டெம்ப்ளேட்டையே ஒருமுறை சுத்தம் செய்து வைத்துவிட்டால் அடுத்த ஆல்பங்களுக்கு இந்த வேலை மிச்சம்.

ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் ஜேபிஜி எக்ஸ்போர்ட் செய்யும்போது எக்ஸிஃப், ஐபிடிசி (கேப்ஷன், பெயர் போன்ற விவரங்கள்), எக்ஸ்எம்பி, தம்ப்நெய்ல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக் உண்டு. தேவையில்லாததை எடுத்துவிடலாம்.

இனி, விட்டுவைக்க வேண்டியவை. கேமரா மெனுவிலேயே படைப்பாளர் பெயரைப் பதியும் வசதி கேனனிலும் நிக்கானிலும் பல மாடல்களில் இருக்கிறது. அங்கே தமிழ் ஏறாது. எக்ஸிஃபின் பெயர்ப் புலங்கள் ஆஸ்கி, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்துக்கானவை. தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்-8 வந்ததே 2023இன் 3.0 பதிப்பில்தான். எக்ஸ்எம்பியில் யூனிகோட் தமிழ் பத்திரமாக நிற்கும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டினால் மட்டும் நிற்காது. மெட்டாடேட்டா புலத்தில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வழியில்லாததால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

பெயர் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17(பி) பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே 'கிரியேட்டர்' புலத்தில் உங்கள் பெயரைத் தாராளமாகப் போடலாம். 'காப்பிரைட்' புலத்தில் போடும் முன் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி வேண்டும். உரிமை மேலாண்மை விவரங்களை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குவதும் மாற்றுவதும், 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதனால் பிறர் எடுத்த படத்தைத் திருத்தித் தரும் எடிட்டர்கள் 'நன்' தேர்ந்தெடுக்கும் முன், எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நேரமும் மெட்டாடேட்டாதான். மூன்று கேமராக்களில் எடுத்த திருமணத்தில் ஒன்றின் கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தியிருந்தால், மாங்கல்யதாரணத்துக்குப் பிறகு கன்னிகாதானம் வந்து நிற்கும். காலையிலேயே ஒரு ஃபோன் கடிகாரத்தை, நொடி தெரியும்படி வைத்து, மூன்று கேமராக்களிலும் ஒவ்வொரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு லைட்ரூமில் தவறான கேமராவின் படங்கள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து, கடிகாரப் படத்தை முன்னிலைப் படமாக வைத்து, 'எடிட் கேப்சர் டைம்' திறந்து சரியான நேரத்தைக் கொடுங்கள். அந்தப் படம் எவ்வளவு நகர்கிறதோ அதே அளவு மற்றவையும் நகரும்.

ரா படங்களை (கேமராவின் மூல ஃபைல்களை) வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது, அதே பெயரில் பக்கத்தில் எக்ஸ்எம்பி ஃபைல்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே எடுங்கள். லைட்ரூமில் கொடுத்த ஸ்டாரும் கீவேர்டும் அதன் கேட்டலாக் என்ற தனி ஃபைலில்தான் இருக்கும். அடோபி பிரிட்ஜ் மென்பொருளில் தெரிய வேண்டுமானால், லைட்ரூமில் படங்களைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், எஸ் அழுத்த வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும், உங்கள் பெயரும் சேர்ந்துதான். ஆனால் "குவாலிட்டி குறையுது, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று வாடிக்கையாளர் கேட்பார். டாக்குமென்ட்டாகப் போகும் ஃபைல் எந்த மாற்றமும் இல்லாமல் ஜிபிஎஸ்ஸோடு போய்ச் சேரும். அனுப்புவதற்கு முன் எக்ஸ்போர்ட் ஆன ஃபைல்களில் ஒன்றை, லைட்ரூமில் அல்ல, ஃபோல்டரிலிருந்து திறந்து, விண்டோஸில் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டீட்டெய்ல்ஸ்' போய் ஜிபிஎஸ் என்ற தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ப்ரீசெட்டைத் திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.