மேற்பார்வையா, துணைப்பார்வையா?

மாதம் இரண்டு சனிக்கிழமை புதுச்சேரியில் பஸ் ஏறி கடலூர் மஞ்சக்குப்பம் போகிறேன். நான் உளச்சிகிச்சையாளன். என்னிடம் வருபவர்களோடு நான் செய்யும் வேலையைப் பற்றி மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடம் பேசத்தான் போகிறேன். அதற்குப் பெயர் சூப்பர்விஷன். சூப்பர்விஷனுக்குப் போகிறேன் என்றதும் எதிர்வீட்டு அக்கா, "அங்க வீடு கட்டுறீங்களா தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். நமக்கு மேற்பார்வை என்றால் கலவை போடும் இடத்தில் நிற்கும் மேஸ்திரிதான் நினைவுக்கு வருவார்.

லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேல். 'விதேரே' என்றால் காண். இரண்டையும் அப்படியே பெயர்த்ததுதான் மேற்பார்வை. சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் உளச்சிகிச்சையில் நடப்பது அதுவல்ல.

1920இல் பெர்லினில் உளப்பகுப்பாய்வு (சைக்கோஅனாலிசிஸ்) மருத்துவமனை ஒன்று தொடங்கியது. அங்கே பயிற்சியில் இருப்பவர், தான் பார்க்கும் நோயாளியைப் பற்றி மூத்தவரிடம் தொடர்ந்து பேச வேண்டும் என்பது முறையானது. அதற்கு அன்று 'கட்டுப்பாட்டுப் பகுப்பாய்வு' என்று பெயர். அந்தப் பெயரிலும் அதிகார வாடைதான். இன்று இது பயிற்சியோடு முடிவதில்லை. பிரிட்டனின் கவுன்சலிங், சைக்கோதெரபி சங்கத்தில் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவரானாலும் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும்.

மூத்தவர் என் அறையில் உட்கார்ந்து எதையும் பார்ப்பதில்லை. வந்தவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. நான் சொல்வதை மட்டும் கேட்கிறார். அறிதுயிலில், அதாவது ஹிப்னாஸிஸில், ஒருவர் சிறுவயதுச் சம்பவம் ஒன்றைக் கண்ணீரோடு சொன்னார். நான் முழுக்க நம்பிவிட்டேன். அதை விவரித்தபோது மூத்தவர் கேட்டது ஒன்றுதான்: "அதுக்கு முன்னாடி நீ என்ன கேள்வி கேட்ட?" யோசித்துப் பார்த்தேன். விடை என் கேள்விக்குள்ளேயே இருந்தது. அறிதுயிலில் வரும் நினைவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நடந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்பவரின் கேள்வியே அதை உண்டாக்கிவிடலாம். படித்த பாடம்தான். ஆனாலும் அறைக்குள் தனியாக இருக்கும்போது அது எனக்குத் தோன்றவில்லை.

தொடர்கல்வி வேறு. இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர்கள் பதிவைப் புதுப்பிக்கக் கருத்தரங்கு, பயிலரங்கு என்று போகிறார்கள். அது அறிவைச் சேர்ப்பது. என் கேள்வியை எனக்கே காட்ட ஒரு ஆள் வேண்டும்.

மேற்பார்வைக்குப் பதிலாகக் கலந்தாய்வு என்று சொல்லலாமே என்றால், அதைக் கல்லூரிச் சேர்க்கை எடுத்துக்கொண்டுவிட்டது. இலங்கைத் தமிழர் கவுன்சலிங்கை உளவளத்துணை என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். அதே வழியில் 'மேல்' என்பதை எடுத்துவிட்டுத் 'துணை' வைத்தால் துணைப்பார்வை. கூட இருந்து பார்க்கும் இன்னொரு ஜோடிக் கண். மூத்தவர் துணைப்பார்வையாளர். வினையும் அப்போது மாறிவிடுகிறது: மேற்பார்வை என்றால் 'செய்கிறார்கள்', துணைப்பார்வை என்றால் 'பெறுகிறேன்'.