மைக்கோட முதுகுல இருக்கற ஓட்டை

மேற்கு மாம்பலத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காங்க. வீட்டுலயே பாடி ரெகார்ட் பண்ணலாம்னு ரிச்சி ஸ்ட்ரீட் போய் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன் எல்லாம் வாங்கிட்டாங்களாம், ஆனா பாடிட்டுத் திருப்பிக் கேட்டா ஃபேன் சத்தம், தெருவுல ஷேர் ஆட்டோ ஹாரன், அதோட குரலே காலி ரூம்ல பாடற மாதிரி கணகணன்னு இருக்காம். இன்னும் விலை அதிகமான மைக் வாங்கணுமான்னு கேக்கறாங்க. வேண்டாங்க. கையில இருக்கற மைக்குக்கு எந்தப் பக்கம் காது கேக்காதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்குங்க, பாதிப் பிரச்சினை அங்கயே தீந்துடும்.

மத்த விஷயமெல்லாம் வேகமா சொல்லிடறேன், ஸ்கூல்ல படிச்சதுதான். குரல் காத்துல அழுத்த அலையா வருது, மைக் அத மின்சாரமா மாத்துது, இன்டர்ஃபேஸ் அத நொடிக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ அளந்து நம்பரா கம்ப்யூட்டருக்குள்ள அனுப்புது. சாஃப்ட்வேர் ஆடாசிட்டியா இருந்தாலும் ரீப்பரா இருந்தாலும் ஆரம்பத்துக்குப் போதும். ஒவ்வொரு அளவையும் எவ்ளோ நுணுக்கமா எழுதணும்ங்கறத 24 பிட்ல வச்சுக்குங்க, உச்சஸ்தாயில பாடும்போதும் மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கத்துலயே நிக்கற மாதிரி கெயின், அதாவது சிக்னல ஏத்தற குமிழ், வைங்க, வெளிய இருந்து மின்சாரம் வேணும்ங்கற கண்டென்சர் மைக்னா இன்டர்ஃபேஸ்ல 48 வோல்ட் பட்டன ஆன் பண்ணணும், ஹெட்ஃபோன் காத மூடற டைப்பா இருக்கட்டும், இல்லன்னா அதுல ஓடற தம்புரா மைக்ல ஏறிடும். அவ்ளோதான். இப்போ மைக்குக்குள்ள போவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

மைக்குக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும், டயாஃப்ரம்னு சொல்வாங்க. அதோட பின்பக்கத்த முழுசா மூடி வச்சுட்டா, வெளிய அழுத்தம் ஏறும்போது சவ்வு உள்ள போகும், இறங்கும்போது வெளிய வரும். அழுத்தத்துக்கு திசை கிடையாது, அதனால சத்தம் முன்னாடி இருந்து வந்தாலும் பின்னாடி இருந்து வந்தாலும் இந்த மைக்குக்கு ஒண்ணுதான், எல்லாத்தையும் சமமா கேக்கும். சட்டைல மாட்டற காலர் மைக்ல பெரும்பாலானது இந்த ரகம்.

அதுக்கு நேர் எதிரா பின்பக்கத்தையும் முழுசா திறந்து விட்டுட்டா என்ன ஆகும்? சவ்வோட ரெண்டு பக்கமும் சத்தம் வந்து தொடும், ரெண்டு அழுத்தத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் சவ்வ அசைக்கும். பக்கவாட்டுல இருந்து வர்ற சத்தம் ரெண்டு முகத்தையும் ஒரே நேரத்துல வந்து தொடுது, வித்தியாசம் பூஜ்யம், மைக்குக்கு அது கேக்கவே கேக்காது. கதவ இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் ஒரே பலத்தோட தள்ளினா கதவு அசையாதே, அதே கதைதான். முன்னாடியும் பின்னாடியும் நல்லா கேக்கும், ரெண்டு பக்கவாட்டும் செவிடு. பழைய ரிப்பன் மைக் எல்லாம் இப்படித்தான் வேலை செஞ்சுது.

ஆனா பாடறவங்களுக்கு வேண்டியது முன்னாடி மட்டும் கேக்கற மைக். அதுக்கு என்ன பண்ணாங்கன்னா பின்பக்கத்த மூடவும் இல்ல முழுசா திறக்கவும் இல்ல, சின்னதா ஒரு வழி விட்டு, அந்த வழில சத்தத்த கொஞ்ச நேரம் தாமதப்படுத்தினாங்க. நம்ம ஊர் 30 டிகிரி காத்துல சத்தம் நொடிக்கு சுமார் 350 மீட்டர் போகும். மைக்கோட முன் முகத்துக்கும் பின் ஓட்டைக்கும் வெளிவழியா தூரம் 3.5 செ.மீ.ன்னு வச்சுக்குங்க, அதக் கடக்க 0.1 மில்லி செகண்ட், அதாவது ஒரு நொடில பத்தாயிரத்துல ஒரு பங்கு. உள்ளயும் அதே 0.1 மில்லி செகண்ட் தாமதம் ஆகற மாதிரி செஞ்சுட்டா போதும். இப்போ பின்னாடி இருந்து ஒரு ஹாரன் சத்தம் வருது, மொதல்ல பின் ஓட்டையத் தொடுது, அங்க இருந்து ஒரு பங்கு உள்ள புகுந்து 0.1 கழிச்சு சவ்வோட முதுகத் தொடும், இன்னொரு பங்கு வெளிய சுத்திக்கிட்டு அதே 0.1 கழிச்சு சவ்வோட முகத்தத் தொடும். ரெண்டும் ஒரே நேரம், ரெண்டும் ஒரே அழுத்தம், சவ்வு அப்படியே நிக்கும்! முன்னாடி இருந்து நீங்க பாடினா? சவ்வோட முகத்துக்கு உடனே வந்துடும், முதுகுக்கு வர்றதுக்கு வெளிய 0.1, உள்ள 0.1, மொத்தம் 0.2, வித்தியாசம் அதிகம், சவ்வு நல்லா ஆடும். பக்கவாட்டுல இருந்து வந்தா உள் தாமதம் மட்டும்தான், அதனால முன்பக்கத்துல பாதி, 6 டெசிபல் கம்மி.

இந்தத் தாமதத்த உண்டாக்கறதுக்கு உள்ள எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லங்க. பின் ஓட்டைல மெல்லிசா ஒரு துணியோ ஃபோமோ ஒட்டியிருக்கும், அதத் தாண்டி குட்டியா ஒரு காத்தறை. காத்து அந்தத் துணி இழைக்குள்ள நசுங்கிப் புகுந்து அறைய நிரப்பி அழுத்தத்த ஏத்தறதுக்குள்ள நேரம் ஆகுது பாருங்க, அந்த நேரம்தான் தாமதம். ஒரு துண்டு துணிய வச்சு பத்தாயிரத்துல ஒரு நொடிய கணக்குப் பண்ணி வச்சிருக்காங்கன்னு நினைக்கும்போது எனக்கு இன்னைக்கும் சிலிர்க்குது.

இந்தத் துணி வித்தை வர்றதுக்கு முன்னாடியும் ஒருபக்கம் கேக்கற மைக் இருந்துச்சு, ஆனா மூடின மைக் ஒண்ணு, திறந்த மைக் ஒண்ணு, ரெண்டையும் ஒரே பெட்டில போட்டு சிக்னலக் கூட்டி எடுத்தாங்க, பெருசு, கனம், விலை. ஒரே சவ்வுல இத சாதிச்சது ஷ்யூர் கம்பெனில வேலை பாத்த பெஞ்சமின் பாவர்ங்கற இன்ஜினியர், 1939ல யூனிடைன் 55ங்கற பேர்ல வந்துச்சு, எல்விஸ் பிரெஸ்லி படங்கள்ல கம்பி கம்பியா முகம் வச்ச பெரிய மைக் பாத்திருப்பீங்களே, அந்தக் குடும்பம்தான். 1966ல வந்த எஸ்எம்58ம் அதே வழில வந்ததுதான், இன்னைக்கும் கச்சேரி மேடைல இருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் அந்த உருண்டைத் தலை மைக்கோ அதப் பாத்து செஞ்ச மைக்கோதான் நிக்குது. அந்த வலைத் தலையத் திருகிக் கழட்டிப் பாருங்க, உள்ள சவ்வு இருக்கற கேப்ஸ்யூலோட விளிம்புக்குக் கீழ சின்னச் சின்னத் திறப்பா தெரியும், அதுதான் நான் சொல்ற முதுகு ஓட்டை.

இப்போ புரியுதா, சில பேர் மேடைல ஸ்டைலா மைக்கோட தலையக் கையால பொத்திப் பிடிச்சு பாடினா ஏன் உடனே ஸ்பீக்கர் கீய்ய்ய்னு கத்துதுன்னு? கை அந்த ஓட்டைய அடைச்சுடுது, மைக் எல்லாப் பக்கமும் கேக்கற மைக்கா மாறிடுது, ஸ்பீக்கர் சத்தம் திரும்ப உள்ள ஏறுது. சவுண்ட்காரரத் திட்டறாங்க பாவம், அவர் மேல எந்தத் தப்பும் இல்ல.

இன்னொரு விஷயமும் இதே ஓட்டையால வர்றதுதான். மைக்க வாய்க்கு ரொம்பக் கிட்ட வச்சுப் பேசினா குரல் கனமா கம்பீரமா வருமே, ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி. வாய்ல இருந்து சவ்வுக்கு 3 செ.மீ.ன்னா பின் ஓட்டைக்கு 6.5 செ.மீ., தூரம் ரெண்டு மடங்குக்கு மேல, அதனால பின்னாடி போய்ச் சேர்ற அழுத்தம் பாதிக்கும் கீழ. இதே 50 செ.மீ. தள்ளிப் பாடினா 50க்கும் 53.5க்கும் பெரிய வித்தியாசம் இல்ல. கீழ் ஸ்வரங்கள்ல அலை நீளம் அதிகம், 100 ஹெர்ட்ஸ்ல 3.5 மீட்டர், அங்க நேர வித்தியாசத்தால கிடைக்கற ஆட்டம் ரொம்பக் கம்மி, அதனால இந்த தூர வித்தியாசம்தான் அங்க ஆட்சி செய்யும், பேஸ் மட்டும் ஏறும். மைக்ல இருந்து ஒரு ஜாண் தள்ளி நின்னு பாடினா குரல் இயல்பா இருக்கும், பாட்டு முழுக்க அதே தூரத்துல நிக்கறதுதான் முக்கியம், சரணத்துல ஒரு குரல் பல்லவில ஒரு குரல்னு வந்தா மிக்ஸ் பண்ணும்போது படாதபாடு படுவீங்க.

சரி, மாம்பலம் ரூமுக்கு வருவோம். மே மாசத்துல ஃபேன ஆஃப் பண்ணிட்டுப் பாடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஃபேன் தலைக்கு மேல இருக்குன்னா மைக்கோட முதுகு மேல பாக்கணும், அதாவது ஸ்டாண்ட உயர்த்தி மைக்க நெத்திக்குக் கொஞ்சம் மேல இருந்து வாயப் பாத்து சாய்ச்சு வைங்க, ஃபேன் காத்து நேரா மைக்ல அடிக்காம பாத்துக்குங்க. தெரு ஜன்னல் தொல்லைன்னா ஜன்னல் மைக்கோட முதுகுக்கு நேரா வரணும், அதாவது நீங்க ஜன்னலப் பாத்து நின்னு பாடணும், நிறைய பேர் ஜன்னலுக்கு முதுகக் காட்டி நிக்கறாங்க, அப்போ மைக் உங்களையும் பாக்குது தெருவையும் பாக்குது. அதே காரணத்தாலதான் மெத்தைய எங்க வைக்கணும்ங்கறதும் மாறுது. மைக்குக்குப் பின்னாடி சுவத்துல ஃபோம் ஒட்டறாங்க, ஆனா மைக் பாக்கறது உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கற சுவத்த! இலவம்பஞ்சு மெத்தையோ ரெண்டு மூணு போர்வையோ உங்களுக்குப் பின்னாடி தொங்கணும், முடிஞ்சா சுவத்த விட்டு ஒரு அடி தள்ளி. துணி நிறைஞ்ச பீரோவத் திறந்து வச்சு அதுக்கு முதுகக் காட்டி நின்னாலும் சரிதான்.

முழுசா சத்தம் போயிடும்னு சொல்ல மாட்டேன், ஏன்னா ஃபேன் சத்தம் சுவர் தரை எல்லாத்துலயும் பட்டு எல்லாத் திசைல இருந்தும் வருது. எல்லாப் பக்கமும் கேக்கற மைக்கோட ஒப்பிட்டா இந்த ரக மைக் அப்படிப் பரவி வர்ற சத்தத்துல மூணுல ஒரு பங்குதான் எடுக்கும், சுமார் 5 டெசிபல் லாபம். மிச்சத்துக்கு மெத்தையும், மைக்குக்குக் கிட்ட நிக்கறதும்தான். தூரத்தப் பாதியாக்கினா உங்க குரல் மட்டும் 6 டெசிபல் ஏறும், ரூம் ஏறாது.

சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டறத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. இது ஒரு மூடநம்பிக்கைன்னே சொல்வேன். சத்தத்த உறிஞ்சறது துணி, பஞ்சு மாதிரி காத்து உள்ள புகற பொருளோட தடிமன், அலை நீளத்துல கால் பங்கு தடிமன் இருந்தா நல்லா வேலை செய்யும், 100 ஹெர்ட்ஸுக்கு அது கிட்டத்தட்ட 87 செ.மீ. முட்டை அட்டை மேல் ஸ்வரங்கள மட்டும் கொஞ்சம் மழுக்கும், கீழ இருக்கற பூம் அப்படியே இருக்கும், வெளி சத்தத்த நிறுத்தவே நிறுத்தாது, நிறுத்தறதுக்கு கனமான சுவரும் இடுக்கு இல்லாத கதவு ஜன்னலும் வேணும். அட்டை சீக்கிரம் தீப்பிடிக்கற பொருள்ங்கறதையும் யோசிங்க.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மைக்கோட வர்ற புக்லெட்ல கிட்டாருக்கு எங்க வைக்கணும், டிரம்ஸுக்கு எங்க வைக்கணும்னு படம் போட்டிருக்கும், மிருதங்கத்துக்கோ நாதஸ்வரத்துக்கோ படம் போட்டு நான் பாத்ததில்ல. மிருதங்கம் தபலாவோட வலந்தலை நடுவுல இருக்கற கருப்பு வட்டம்தான் அதுக்கு ஸ்ருதி சுத்தமான நாதத்தக் கொடுக்குதுன்னு சி.வி. ராமன் 1920லயே நேச்சர் இதழ்ல எழுதினாரு, நம்ம பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச மனுஷன். அந்த வழில நம்ம வாத்தியம் ஒவ்வொண்ணும் எந்தத் திசைல எந்த ஸ்வரத்த வீசுதுன்னு அளக்கறதுக்கு அரசாங்கம் காசு ஒதுக்கணும், மார்கழி மாசம் சபா சபாவா கூட்டம் வர்ற ஊர்ல இதுக்கு ஒரு நல்ல லேப் இருக்க வேண்டாமா? தவில் எங்க கேக்கும் நாதஸ்வரம் எங்க கேக்கும்னு தெரிஞ்சா கோயில் வாத்தியக்காரங்களே ஒரு சாதாரண மைக்க வச்சு நல்லா ரெகார்ட் பண்ணிக்கலாம்.

உங்க மைக்கோட செவிட்டுப் பக்கம் எதுன்னு கண்டுபிடிக்க, மொதல்ல மைக் உடம்புல, முன்னாடி மட்டும் கேக்கற ரகத்தோட அடையாளமா, இதயம் மாதிரி குட்டி படம் இருக்கான்னு பாருங்க, பெரிய கண்டென்சர் மைக்ல பெரும்பாலும் அந்தப் படம் இருக்கற பக்கம்தான் முகம், உச்சந்தலைல பாடக் கூடாது. அப்புறம் ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு, போன்ல தம்புரா ஆப்ப ஓட விட்டு, அந்தப் போனோட மைக்க ஒரு அடி தூரத்துல மெதுவா சுத்தி வாங்க. நேர் பின்னாடி வரும்போது தம்புரா சட்டுனு வத்தும். சில மைக்ல நேர் பின்னாடி கொஞ்சம் கேக்கும், பின்பக்கமா இடது வலது ரெண்டு சாய்வுலதான் வத்தும், அது சூப்பர்கார்டியாய்ட் ரகம், அப்படின்னா ஃபேனும் ஜன்னலும் அந்த சாய்வுல வர்ற மாதிரி மைக்கத் திருப்பி வைக்கணும். கைல பிடிக்கற மைக்கா இருந்தா தம்புரா வத்தற இடத்துலயே போன வச்சுட்டு, இன்னொரு கையால மைக் தலைய அடிப்பக்கமா இறுக்கிப் பொத்துங்க, நின்னு போன தம்புரா திரும்ப எழும்பி வர்றதக் கேப்பீங்க.