வீடின்மை: சொல் விளக்கம்

ஆங்கிலத்தின் ‘ஹோம்லெஸ்’ என்பதற்கு ஈடாகத் தமிழில் ‘வீடற்றோர்’ நிலைபெற்றுவிட்டது. ‘நகர்ப்புற வீடற்றோர் காப்பகம்’ என்று பெயர்ப்பலகைகளிலும் காண்கிறோம். ஆளைக் குறிக்கும் இச்சொல்லிலிருந்து நிலையைக் குறிக்கும் பெயரைப் பெற, வீடு, இன்மை இரண்டும் புணர்ந்த ‘வீடின்மை’ பொருத்தமாக அமைகிறது.

‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் வினை முதல் நீண்டு பெயரானது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் அது விடுதலையைக் குறிக்கிறது; வேலையை விட்டு ஓயும் இடம் என்ற வழியில் உறைவிடத்துக்கும் ஆயிற்று என்று விளக்குவர். உறைவிடத்துக்குச் சங்கப் பாடல்களில் பெரிதும் வருபவை ‘இல்’, ‘மனை’ என்பன. ஆனால் ‘இல்லார்’ என்றால் இன்று பொருளில்லாதவர் என்றே கொள்கிறோம். ‘மனையற்றோர்’ என்றால் வீட்டுமனைப் பட்டா இல்லாதவர் என்று படுகிறது. ஆகவே ‘வீடின்மை’யே குழப்பமற்றது.

சொல் சரிதான், அதன் எல்லையை நாம் மிகவும் குறுக்கிவிட்டோம் என்பதே என் கவலை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டடம் எதிலும் வாழாமல் சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்கள், மேம்பாலத்தின் அடி, கோயில் மண்டபம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் தங்குவோரையே வீடற்றோராகக் கொள்கிறது. 2011-இல் அவ்வாறு எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். ஒரே இரவில் தேடிக் கண்டு எண்ணிய தொகை இது என்பதை மறக்கலாகாது.

ஐரோப்பாவில் வீடற்றோருக்காகச் செயல்படும் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியான்ட்சா 2005-இல் வெளியிட்ட ‘ஈத்தோஸ்’ வகைப்பாடு, இதனை நான்கு நிலைகளாக விரிக்கிறது. வெட்டவெளியில் உறங்குவது கூரையின்மை. காப்பகத்திலோ தற்காலிக விடுதியிலோ தங்கியிருப்பவருக்குக் கூரை உண்டு, தனக்கென்று வீடு இல்லை. குறுகிய பொருளில் வீடின்மை இதுவே. மிகுந்த நெரிசலிலும் வாழத் தகாத கட்டடத்திலும் இருப்பது போதாக் குடியிருப்பு.

எஞ்சியது உறுதியற்ற குடியிருப்பு. உறவினர் வீட்டில் வேறு போக்கிடமின்றி ஒண்டியிருப்பவரும், வெளியேற்ற அறிவிப்பைக் கையில் வைத்திருப்பவரும், வீட்டுக்குள்ளேயே அடி உதைக்கு அஞ்சி வாழும் பெண்ணும் இதில் அடங்குவர். இந்த நிலைக்கு மிக நெருங்கிய சொல் நம் வருவாய்த்துறையிலேயே இருக்கிறது: புறம்போக்கு. தீர்வை விதிக்கப்பட்ட நிலங்களுக்குப் புறம்பாக, பொதுப் பயனுக்கென விடப்பட்ட நிலத்தின் பெயர் அது. அங்கே ஓடு வேய்ந்து, மின் இணைப்பும் குடும்ப அட்டையும் பெற்று, இரண்டு தலைமுறை வாழ்ந்தாலும், நீர்நிலை, சாலை போன்ற ‘ஆட்சேபகரமான புறம்போக்கு’ என்று பதிவாகியிருந்தால் பட்டா எளிதில் கிடைக்காது. நிலத்தின் பெயரை மனிதரை ஏசும் சொல்லாக நம் பேச்சு மாற்றிக்கொண்டது வேதனைக்குரியது.

‘பிளாட்பாரவாசி’ என்பதை விட ‘நடைபாதைவாசி’ மேல். ‘பிச்சைக்காரர்’ என்பதோ அடியோடு பிழை. 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பம்பாய் நடைபாதைவாசிகள் பிழைப்புக்காகவே வேலையிடத்துக்கு அருகில் தங்குகிறார்கள் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்று, வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்றது. அவர்களில் பலர் கட்டட வேலையும் வீட்டு வேலையும் செய்து அந்நகரை நடத்திக்கொண்டிருந்தவர்கள்.