69 ஜீபி எங்கே போனது?

"தம்பி, அறுபத்தொன்பது ஜீபியை எங்கே வைச்சிட்டீங்கள்?"

வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் கடைக்குள் கால் வைத்ததும் கேட்டது இது. முதல்நாள் என்னிடம் வாங்கிய ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் அவர் கையில். பெட்டியில் 1000 ஜீபி. வீட்டில் செருகிப் பார்த்தால் விண்டோஸ் 931 என்கிறது. வாழ்நாளெல்லாம் காசு எண்ணியவர், கணக்கு உதைத்தால் விடுவாரா?

கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருவார். அவர்களில் பெரும்பாலானோர் ஏமாறவில்லை. உண்மையிலேயே ஏமாந்தவர்கள் இப்படிச் சண்டைக்கு வருவதில்லை, அதுதான் பயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐயாவின் போனிலேயே கல்குலேட்டரைத் திறக்கச் சொன்னேன். டிஸ்க் தயாரிப்பவருக்கு ஒரு டெராபைட் என்றால் ஒரு இலட்சம் கோடி பைட். ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு பூச்சியம். அதை அவர் குறைவில்லாமல் தந்துவிட்டார். விண்டோஸ் அதை 1000ஆல் வகுக்காமல் 1024ஆல் வகுக்கிறது, அதுவும் மூன்று தடவை. ஐயா தட்டினார். 97,65,62,500. பிறகு 9,53,674. பிறகு 931. "ஓ" என்றார். ஆனாலும் முகம் தெளியவில்லை.

சரி, துணிக்கணக்குக்குப் போனேன். புறக்கோட்டையில் பத்து யார் (கெஜம்) துணி வாங்கி வந்து வீட்டில் மீட்டர்கோலால் அளந்தால் 9.14 வரும். துணிக்காரர் வெட்டி எடுக்கவில்லை. அவர் அளந்த கோல் கட்டை, உங்கள் கோல் நீளம். டெராபைட்டிலும் விகிதம் கிட்டத்தட்ட அதேதான்: பத்து டெராபைட் வாங்கினால் விண்டோஸில் 9.09. இதைக் கேட்டதும் ஐயா சிரித்துவிட்டார்.

1024 என்பது இரண்டைப் பத்துத் தடவை பெருக்கினால் வருவது. கணினியின் நினைவகம் இரண்டின் மடங்குகளில் வளர்வதால், ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று பொறியியலாளர்கள் அதையே 'கிலோ' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கிலோவில் வித்தியாசம் 2.4 வீதம்தான், யாரும் பொருட்படுத்தவில்லை. மெகாவில் அது ஐந்தை நெருங்கியது, கிகாவில், அதாவது ஜீபியில், ஏழைத் தாண்டியது, டெராவில் பத்தைத் தொடுகிறது. 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1024 கணக்குக்கென்று கிபிபைட், மெபிபைட், கிபிபைட் எனத் தனிப்பெயர்கள் வைத்தது. (தமிழில் எழுதினால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே நிற்கின்றன, கூடவே கிறிஸ்துவுக்குப் பின் வேறு ஞாபகத்துக்கு வருகிறது.) விண்டோஸ் கணக்கையும் மாற்றவில்லை, பெயரையும் மாற்றவில்லை. ஆப்பிள் 2009இல் தன் மேக் கணினிகளை ஆயிரம் கணக்குக்குக் கொண்டுவந்தது. ஐயாவின் டிஸ்க்கை மேக்கில் செருகினால் ஒரு டெராபைட் என்றே காட்டும்.

கடைக்குப் போகுமுன் மனதில் வைக்க இரண்டு எண் போதும். பெட்டியில் ஜீபி என்றிருந்தால் 0.93ஆல் பெருக்குங்கள், டெராபைட் என்றிருந்தால் 0.91ஆல். 64 ஜீபி பென் ட்ரைவ் 59 சொச்சம் காட்டும், 2 டெராபைட் 1.81 காட்டும். ஒன்றிரண்டு அங்குமிங்கும் போகலாம். அதைவிட அதிகமாகக் குறைந்தால் காரணம் வேறு. போனாக இருந்தால் அதற்குள் இருக்கும் மென்பொருளே ஒரு பங்கை விழுங்கியிருக்கும்.

இணைய வேகத்தில் வரும் சண்டை இன்னொரு ரகம். 100 எம்பி வேகத்துக்குக் காசு கட்டுகிறேன், 12தான் வருகிறது என்பார்கள். அங்கே விற்பது பிட், டவுன்லோட் பெட்டி காட்டுவது பைட். எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட், எட்டால் வகுத்தால் 12.5. அவ்வளவுதான்.

இனி அந்தப் பயம். கொட்டாஞ்சேனை அக்கா ஒருவர் நடைபாதையில் 2 டெராபைட் பென் ட்ரைவ் ஒன்றைச் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கியிருந்தார். செருகினால் 1.81. மேலே நான் சொன்ன கணக்குப்படி அச்சொட்டாகச் சரி! மகளின் கல்யாண வீடியோ 180 ஜீபியை அதில் கொப்பி பண்ணிவிட்டு, லேப்டொப்பிலிருந்ததை அழித்துவிட்டார். முதல் சில வீடியோக்கள் ஓடின. தாலி கட்டும் வீடியோவுக்குப் பெயர் இருந்தது, அளவும் இருந்தது, திறக்க மட்டும் முடியவில்லை.

உள்ளே இருந்தது வெறும் 32 ஜீபி. கணினி ஒரு டிஸ்க்கை அளந்து பார்ப்பதில்லை. "உன் கொள்ளளவு என்ன" என்று கேட்கிறது, அதிலிருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் சொல்வதை அப்படியே நம்பிக் காட்டுகிறது. சிப்பைப் பொய் சொல்லப் பழக்கியிருந்தார்கள். 32 நிரம்பியபின் வந்ததெல்லாம் எங்கும் பதியாமலே போய்விட்டது. இப்படிப் போனதை எந்த மீட்பு மென்பொருளாலும் கொண்டுவர முடியாது, அங்கே மீட்க ஒன்றுமே இல்லை.

சந்தேகமான பென் ட்ரைவ் வந்தால் நான் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓடவிடுவேன். மேக்கிலும் லினக்ஸிலும் அதே வேலைக்கு எஃப்3 (F3) இருக்கிறது. இரண்டும் வேண்டிய அளவு தரவை எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டுச் சொல்லும். முழுவதையும் சோதிப்பதுதான் பாதுகாப்பு, ஆனால் மெதுவான ட்ரைவில் ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். வீட்டில் அவ்வளவு பொறுமை இல்லாவிட்டால் பெரிய ஃபைல் ஒன்றைக் கொப்பி பண்ணி, கழற்றிச் செருகித் திறந்து பாருங்கள். திறந்தாலும் முழு அளவும் உண்மை என்று அர்த்தமில்லை. மூலத்தை அன்றைக்கே அழிக்காதீர்கள்.

நல்லவேளை, வீடியோ எடுத்தவர் தன் பிரதியை அழித்திருக்கவில்லை. அக்கா அதைப் போட்டுவைக்க என்னிடமே ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கினார். செருகிக் காட்டினேன். திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதிலயும் குறையுதே?"

துணிக்கணக்கை மறுபடி ஆரம்பித்தேன்.