பிரிட்டனில் காருக்குக் கழற்றி மாட்டும் ட்ரெய்லர் கொக்கி: சட்டம் கேட்பது என்ன?

2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களில் சாதாரண கார் உரிமம் உள்ளவர்கள், சரக்கோடு சேர்த்து 3,500 கிலோ வரை அனுமதிக்கப்பட்ட ட்ரெய்லரை இழுத்துச் செல்லலாம். அதற்கு முன்பு, 1997 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்றவர்கள் கனமான ட்ரெய்லருக்கெனத் தனியாக ஓட்டிக் காட்டித் தேற வேண்டியிருந்தது. இப்போது அது தேவையில்லை. உரிம அட்டையைப் புதுப்பிக்கும்போது அந்தத் தகுதியும் தானாகவே பதிவாகிவிடும்.

ஆனால் 3,500 கிலோ என்பது ஓட்டுநருக்கான வரம்பு. காரின் வரம்பு பெரும்பாலும் அதைவிடக் குறைவு. கதவுச் சட்டத்திலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள தயாரிப்பாளர் தகட்டைப் பாருங்கள். முதல் எடை, கார் மட்டும் முழுச் சுமையோடு இருக்கக்கூடியது. இரண்டாவது, காரும் ட்ரெய்லரும் சேர்ந்தது. முதலாவது 1,800, இரண்டாவது 3,000 என்றால், முழுச் சுமையேற்றிய கார் 1,200 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது. இரண்டாவது எடையே தகட்டில் இல்லாவிட்டால் அந்தக் காரை இழுவைக்குப் பயன்படுத்தக் கூடாது. கொக்கிக்குப் பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது வீண் வேதனை.

1998 ஆகஸ்ட் 1 முதல் சாலைக்கு வந்த கார்களுக்கு, அந்தக் கார் வகைக்கென அங்கீகரிக்கப்பட்ட கொக்கியைத்தான் பொருத்த வேண்டும். அங்கீகார எண்ணும், எந்தெந்த வாகனங்களுக்கு உரியது என்பதும் அதன் லேபிளில் இருக்கும். லேபிள் இல்லாத பழைய கொக்கியை மலிவாக வாங்கி வெல்டிங் செய்து ஒப்பேற்றும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

கழற்றி மாட்டும் வகையில் ஒரு நன்மை உண்டு. சில கார்களில் கொக்கியின் உருண்டை நம்பர் பிளேட்டுக்கு நேராக வந்து நிற்கும். பிளேட் சரியாகத் தெரியாவிட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கலாம். தேவையில்லாத நாட்களில் கழற்றி வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

நான் மிகவும் அஞ்சுவது, ட்ரெய்லரின் பிரேக்கைக் காரோடு இணைக்கும் பாதுகாப்புக் கம்பிவடத்தைப் பற்றித்தான். சுமையோடு 750 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும். ஓட்டத்தில் கொக்கி விட்டுப்போனால், இந்த வடம் இழுபட்டு ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடித்துவிட்டு அறுந்துவிடும். பலர் இதைக் கொக்கியின் உருண்டையைத் தாங்கும் கழுத்தைச் சுற்றி மாட்டிவிடுகிறார்கள். கழற்றும் வகையில் அந்தக் கழுத்தே பூட்டு சரியாக விழாமல் கழன்றால், வடமும் அதோடு போய்விடும், பிரேக் பிடிக்காது. எனவே காரோடு நிலையாக இணைந்திருக்கும் பகுதியில் இதற்கென வளையம் உண்டா என்று பொருத்துபவரிடம் கேட்டு, அதிலேயே மாட்டுங்கள். வடம் தரையில் உரசவும் கூடாது, திருப்பத்தில் இறுகவும் கூடாது. கொக்கியை மாட்டும் ஒவ்வொரு முறையும் பூட்டு விழுந்ததா என்று கையால் ஆட்டிப் பாருங்கள்.

அடுத்தது வயரிங். ஏழு முனை சாக்கெட் சாதாரண ட்ரெய்லரின் விளக்குகளுக்குப் போதும். ரிவர்ஸ் விளக்கு, கேரவனின் (தங்கும் வசதியுள்ள ட்ரெய்லரின்) ஃபிரிட்ஜ், பேட்டரி மின்னூட்டம் ஆகியவற்றுக்குப் பதின்மூன்று முனை வேண்டும். ட்ரெய்லரின் இண்டிகேட்டர் வேலை செய்கிறதா என்பதை ஓட்டுநருக்கு விளக்காலோ ஒலியாலோ தெரிவிக்கும் ஏற்பாடும் கட்டாயம். புதிய கார்களில் விளக்குகளைக் கணினி கண்காணிப்பதால், பின் விளக்கின் வயரைக் கிள்ளி இணைப்பது பிழைச் செய்திகளை வரவழைக்கும். அந்த மாடலுக்கே உரிய வயரிங் தொகுப்பு விலை கூடியதுதான். ஆனாலும் ட்ரெய்லர் மாட்டியிருப்பதைக் காருக்கு உணர்த்தி, பின்புற பார்க்கிங் சென்சாரை நிறுத்தவும், வசதியுள்ள கார்களில் தள்ளாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் அதுவே உதவும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ட்ரெய்லரின் பின்னால் காரின் அதே எண்ணுள்ள மஞ்சள் பிளேட் வேண்டும். ட்ரெய்லர் காரைவிட அகலமானால் நீட்டிய பக்கக் கண்ணாடிகளும் தேவைப்படும். இழுக்கும்போது வேக வரம்பு ஒற்றைச் சாலையில் (நடுவில் பிரிப்பு இல்லாதது) மணிக்கு 50 மைல், இரட்டைச் சாலையிலும் (நடுவில் பிரிப்பு உள்ளது) மோட்டார்வேயிலும் 60. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகக் கூடாது.

கொக்கி பொருத்தியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். காரில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது அதுவே தடையாகலாம்.